கிடாரத்துக்குள் முதல் படம்

கோசலைக்குக் கமரா விஷயத்தில் கொஞ்சம் திமிர் உண்டு. அதை அவளே ஒத்துக்கொள்வாள். பன்னிரண்டு வருடமாகத் தண்ணீருக்கடியில் படம் எடுக்கிறாள். ஒரு நாளாவது அவளுடைய கமராவில் ஒரு சொட்டு ஈரம் பட்டதில்லை. பிரெஞ்சுத் தலைநகரை ஒட்டிய பொபினியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. குழாய் வெடித்தது, கூரை ஒழுகியது என்று வருகிறவர்களின் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன மனுஷி. "தண்ணி தானா உள்ளை வராது, ஆரோ கவலையீனமா விட்டிருப்பினம்" என்பாள். அப்படிப்பட்டவளுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது பாருங்கள்!

தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் அற்புதராணியின் சாப்பாட்டுக்கடை, மத்தியானக் கூட்டம் கலைந்து மூன்று மணிக்குத்தான் மூச்சு விடும். அந்த நேரத்தில் பின்பக்க மேசையில் நீரடிப் படக்காரர்கள் கூடுவார்கள். பெரிய படையில்லை, ஆறு பேர். வியாழக்கிழமைகளில் சார்செல் நீச்சல் குளத்தில் மூழ்குவார்கள், கோடையில் மார்செய் கடலுக்குப் போவார்கள். மிச்ச நாளெல்லாம் எந்த லென்ஸ் நல்லது, எந்த விளக்கு குப்பை என்று ரோல்ஸைக் கடித்துக்கொண்டு சண்டை பிடிப்பார்கள்.

அன்றைக்கு மேசையின் நடுவில் ஒரு புதுக் கெசோன் இருந்தது. கெசோன் என்றால் கமராவை உள்ளே வைத்துப் பூட்டித் தண்ணீருக்குள் கொண்டுபோகிற கெட்டியான பெட்டி. ஷார்லோத் என்கிற மார்செய்க்காரி மூன்று வருடம் பாடுபட்டுச் செய்தது. உலகத்தில் இருந்தது அந்த ஒன்றே ஒன்றுதான், இன்னும் கடைக்கு வரவில்லை. அதற்குப் பொருந்துகிற கமரா குழுவில் கோசலையிடமும் கரிகாலனிடமும் மட்டும் இருந்ததால், புதன்கிழமையே அதைக் கோசலையின் கையில் கொடுத்து, "தொட்டுப் பழகு, ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆட்களோடு சேர்ந்து அபிப்பிராயம் சொல்" என்றிருந்தாள். மார்ச் மாதம் பத்து நாள் செங்கடலுக்குப் போய், இதே கெசோனால் விளம்பரப் படங்கள் எடுக்க இந்த இருவரில் ஒருவரைக் கூட்டிப்போகப் போகிறாள். யாரென்று இன்றைக்குச் சொல்லுவாள்.

கோசலைக்கு அந்தப் பத்து நாள் வேண்டும். வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அலுவலகத்தில் மார்ச் மாத விடுமுறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

முதலில் பஸ் ஓட்டுகிற கரிகாலன் தூக்கிப் பார்த்தான். குளிர்காலக் கையுறை போட்ட பெருவிரலால், படமெடுக்க அழுத்துகிற பின்பக்க நெம்பைத் தட்டினான். "அக்கா, இது சோக்கா இருக்கு. கையுறையைக் கழட்டாமலே எல்லாம் எட்டுது. ஆனா இந்தத் திரைக்கு மேலை ஒரு மறைப்பு வேணும். வெய்யிலுக்கை ஒண்டும் தெரியாது."

குழுவுக்குத் தலைவர் மாதிரி இருக்கிற மாக்சிம், புதுச்சேரிக்காரர், தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூடியை ஆராய்ந்தார். "பெசான்த்தா இருக்கு, கனம்தான். தண்ணியில எறங்கினா தெரியாது. ஆனா தாழ்ப்பாள் ஒண்ணுதான் வச்சிருக்கா, பாத்தியா? நான்னா ரெண்டு வைப்பேன்."

இதையெல்லாம் பிரெஞ்சில் திருப்பிச் சொல்லச் சொல்ல ஷார்லோத் குறித்துக்கொண்டாள். அவளோடு பேச்செல்லாம் பிரெஞ்சில்தான். கோசலை மட்டும் வேண்டுமென்றே கடைசிவரை பேசாமல் இருந்தாள். கடைசியில் பேசுகிறவர் சொல்தான் நிற்கும் என்பது அவள் கணக்கு.

"பேசினது காணும், தண்ணிக்கை இறக்குவம்" என்று எழும்பினாள்.

புதுக் கெசோன் எதுவானாலும் முதலில் கமரா இல்லாமல் வெறும் பெட்டியாகத்தான் தண்ணீருக்குள் போகும். உள்ளே மூக்குத் துடைக்கிற ரிஷூத் தாள் ஒன்றை மடித்து வைப்பார்கள். தாள் காய்ந்தபடி வந்தால் பெட்டி தேறிவிட்டது. அற்புதராணி கலியாண ஓடருக்குச் சோறு வடிக்கிற அலுமினியக் கிடாரத்தைக் கழுவி, விளிம்புவரை பச்சைத் தண்ணீர் நிரப்பித் தந்தாள். "பிள்ளை, ஆறு மணிக்கு நான் உலை வைக்கோணும், விளங்குதோ?" என்று எச்சரிக்கையும் தந்தாள்.

கோசலை இறக்கினாள். பத்து நிமிடம். தூக்கினாள், துடைத்தாள், தாழ்ப்பாளைத் தட்டித் திறந்தாள்.

ரிஷூ கூழாக இருந்தது.

ஷார்லோத்தின் கையிலிருந்த பேனை நின்றுவிட்டது. முகத்தில் இரத்தமே இல்லை. மூன்று வருட உழைப்பு, அதுவும் சோற்றுக் கிடாரத்தில்! கடலடியில் தண்ணீரே அழுத்தி மூடியை இறுக்கிவிடும். ஒழுகுகிற பெட்டி இப்படி ஆழமில்லாத இடத்தில்தான் காட்டிக்கொடுக்கும். அது அந்த மேசையில் எல்லாருக்கும் தெரியும்.

கரிகாலன் கைபேசியில் ஒரு குழுவைத் திறந்துவிட்டான். ஐரோப்பாவில் மூழ்குகிற தமிழர் முந்நூறு பேர் இருக்கிற குழு அது. "புதுக் கெசோன் ஒழுகுது. ஆரும் காசைக் கொட்டாதையுங்கோ" என்று அடித்து முடித்தாயிற்று. "அக்கா, அனுப்பட்டோ?"

"இரு தம்பி, பதறாத காரியம் சிதறாது" என்றார் மாக்சிம்.

கோசலை அந்த நேரத்தில் மூடியைச் சுற்றி ஓடுகிற ரப்பர் வளையத்தை நகத்தால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வளையத்தில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு தலைமயிர் கிடந்தாலும் தண்ணீருக்கு வாசல் திறந்த மாதிரி. வளையத்தின் கீழ், இடப்பக்க மூலையில், மஞ்சளாக ஒரு பொருக்கு ஒட்டியிருந்தது. அதன் ஓரம் சிவப்பு.

சந்தனம். குங்குமம்.

எப்படி வந்ததென்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கெசோனோடு நேரே பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தாள். புதுக் கார் வாங்கினால் கொண்டுபோவதில்லையா, புதுக் கடைச் சாவியைத் தட்டில் வைப்பதில்லையா, அதுபோல. பத்து நாள் செங்கடலுக்குப் பிள்ளையாரிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? ஐயர் அர்ச்சனை முடித்து மூடியில் பொட்டு வைத்தார். "இது என்ன பிள்ளை, வானொலிப் பெட்டியோ?" என்று கேட்டார். அவ்வளவுதான், இவளுக்குத் திமிர் தலைக்கேறிவிட்டது. தன் நெற்றிக்குப் பொட்டு வைத்து ஈரம் காயாத விரலாலேயே திறந்து, உள்ளேயெல்லாம் காட்டி, இப்படி, இப்படி என்று விளக்கம் சொல்லி மூடினாள். வீட்டுக்கு வந்து வெளியே இருந்த பொட்டைப் பக்குவமாகத் துடைத்தாள். மூடியைத் திறந்து வளையத்தைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பார்க்கவில்லை!

இப்போது அவள் பேசாமல் இருந்தால் போதும். நகத்தால் ஒரு சுரண்டு, பொருக்கு போய்விடும். பழி பெட்டிக்குப் போகும், பெட்டி மார்செய்க்குப் போகும். அவளுடைய பன்னிரண்டு வருடப் பெயர் பழையபடி பளபளவென்று இருக்கும். வாயைத் திறந்தாலோ, செங்கடல் கரிகாலனுக்கு.

எரிச்சலாக வந்தது. தன்மேல்தான் எரிச்சல்.

"அனுப்பாதையும் கரிகாலன்" என்றாள். "பெட்டியிலை பிழையில்லை. நான்தான் பிழை விட்டனான்."

பிறகு ஷார்லோத்தின் பக்கம் திரும்பி, கோயிலிலிருந்து தொடங்கி விரல்வரை எல்லாவற்றையும் பிரெஞ்சில் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னாள். பொருக்கையும் நகத்தால் சுரண்டி எடுத்து நீட்டிக் காட்டினாள். ஷார்லோத் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள்.

"ஐயோ அக்கா, நீங்களோ!" என்றான் கரிகாலன். அவனுக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கப் பயமாகவும் இருந்தது.

"ஓம், நான்தான். ஆனைக்கும் அடி சறுக்கும். சிரிக்கிறதெண்டால் சிரிச்சு முடியும், எனக்கு வேலை கிடக்கு."

வளையத்தை முழுதாகக் கழற்றினாள். சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சால் ஒற்றி, புதுக் கிரீஸ் பூசி, விளக்குக்கு முன்னால் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். வளையம் உட்காருகிற காடியைக் குச்சியால் துடைத்தாள். இருபது நிமிடம் எடுத்தது. எல்லாரும் இன்னொரு ரிஷூவை எதிர்பார்த்தார்கள். அவள் தன் தோள்பையைத் திறந்து சொந்தக் கமராவை எடுத்தாள். இரண்டு கோடைக்கு எங்கேயும் போகாமல் மிச்சம் பிடித்து வாங்கிய கமரா.

"கோசலை, வேணாம்மா" என்றார் மாக்சிம். "இன்னொரு தரம் வெறும் பெட்டியா எறக்கு. அதான மொற?"

"முறை தெரியும் அண்ணை. நான் விட்ட பிழையாலை அவவுக்கு வந்த சந்தேகம் ரிஷூவாலை போகாது."

கமராவை உள்ளே வைத்துப் பூட்டி, கண்ணாடிப் பக்கம் மேலே பார்க்க, கிடாரத்துக்குள் இறக்கினாள். முழங்கைவரை கையை விட்டுப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக் கிடாரத்துக்கு மேல் குனிந்தார்கள். அற்புதராணியும் கரண்டியோடு வந்து குனிந்தாள். கோசலையின் விரல் நெம்பைத் தேடிப் பிடித்து அழுத்தியது.

பத்து நிமிடத்துக்குப் பிறகு திறந்தால், உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. திரையில் படம்: தண்ணீர் விளிம்பைச் சுற்றி நெளிந்த எட்டு முகங்கள், நடுவில் ஒரு கரண்டி, அதற்கு மேலே கடையின் நீலக் குழல் விளக்கு. ஒவ்வொரு மயிர்க்காலும் தெரிந்தது.

"அடி ஆத்தை, என்ரை மூக்கைப் பார்!" என்று அற்புதராணி கத்தினாள். கரிகாலன் அடித்து வைத்ததை அழித்துவிட்டு, அந்தப் படத்தைத் தனக்கு அனுப்பச் சொல்லிக் கெஞ்சினான்.

ஷார்லோத் மட்டும் சிரிக்கவில்லை. குறிப்புக் கொப்பியை மூடி வைத்துவிட்டுக் கோசலையின் ஈரக் கையைப் பார்த்தாள்.

"உண்மையைச் சொல்கிறேன்" என்றாள். "நீ அந்தச் சந்தனக் கதையைச் சொன்னபோது, இவளைக் கூட்டிப்போகக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டேன்."

"சரிதான்" என்றாள் கோசலை. தலையை நிமிர்த்தியே வைத்திருந்தாள். "நானென்றாலும் அப்படித்தான் செய்வேன்."

"பொறு, முடிக்கவில்லை." ஷார்லோத் குரலைத் தாழ்த்தினாள். "மூன்று வருடமாக இந்தப் பெட்டியை நூறு தடவை தண்ணீரில் இறக்கியிருக்கிறேன். வெறும் பெட்டியாக. இல்லாவிட்டால் பழுதாய்ப்போன கமராவோடு. என் சொந்தக் கமராவை இதற்குள் வைக்க ஒரு நாளும் எனக்குத் துணிவு வரவில்லை. மார்ச் ஒன்பதாம் தேதி விமானம். வருவாயா?"