கம்பி நீட்டியவர் பெயர்

கிளைப்பாதைக்கு மின்சாரம் கொண்டுவந்தபோது, கம்பி நீட்டிய முப்பது பேரும் கம்பி நீட்டிவிட்டார்கள். இதில் சிலேடை ஒன்றும் இல்லை. காலையில் கம்பத்துக்குக் கம்பம் கம்பியை நீட்டினார்கள். மாலையில் ஆளைக் காணோம்.

அதுவரை அந்தப் பாதையில் மூன்று பெட்டிகளோடு ஒரு டீசல் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மேடு வந்தால் பயணிகள் மூச்சை இழுத்துப் பிடித்து அதற்கு உதவுவார்கள். மின்சார ரயில் வந்துவிட்டால் இரண்டு மணி நேரப் பயணம் ஐம்பது நிமிடத்தில் முடியும், யாரும் மூச்சுப் பிடிக்க வேண்டியதில்லை என்று தலைமை அலுவலகம் அறிவித்தது. கம்பங்கள் வந்தன, செம்புக் கம்பி உருளை உருளையாக வந்தது, கூடவே கட்டுக்கட்டாக நாளறிக்கைப் படிவமும் வந்தது. படிவம் ஆங்கிலத்தில் இருந்தவரை அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் நேர்ந்ததில்லை. யாரோ ஒரு நல்ல மனிதர் அதைத் தமிழில் பெயர்த்து, ஏழாவது கட்டத்துக்குமேல் ‘கம்பி நீட்டியவர் பெயர்’ என்று அச்சடித்திருந்தார்.

அதை நிரப்பும் வேலை ஸ்டேஷனை ஒட்டிய தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த பெண் எழுத்தருடையது. கையெழுத்து அத்தனை அழகு என்பதால் எல்லோருக்கும் அவர் முத்தெழுத்து. அவருடைய கணவர்தான் கம்பிக்குழுவின் மேஸ்திரி. நின்றபடியே பாதிக் கம்பத்தை எட்டிவிடும் உயரம் என்பதால் அவருக்குப் பெயர் ஏணி. முதல் நாள் மாலை முத்தெழுத்து ஒரு கம்பியாளின் பெயரை எழுதி, மைமேல் ஊதினார். மை காய்ந்த நொடியில் அந்த ஆள் கம்பி முறுக்கும் குறட்டைக் கீழே வைத்தார், கையைத் துடைத்துக்கொண்டார், புதுக் கம்பிமேல் ஏறி நடக்க ஆரம்பித்தார். செருப்புக்கும் கம்பிக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி இருந்தது. கடைசிக் கம்பத்துக்கு அப்பால் கம்பி இல்லை. அதை அவர் பொருட்படுத்தவில்லை. தெருமுனையில் பால் வாங்கிவரச் சொன்னால்கூட மனுஷன் இந்த வேகத்தில் நடந்ததில்லையே என்று அவர் மனைவி வருத்தப்பட்டார்.

ஒன்பது பேர் போனபிறகு தலைமை அலுவலகத்திலிருந்து மேற்பார்வையாளர் வந்து பேனாவை மாற்றினார், மையை மாற்றினார், நாற்காலியைத் திருப்பிப் போட்டார். பத்தாவது ஆளும் போனார். கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்த்தார்கள்; வேலையே நடக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் என்பதால், மறுநாள் காலை கம்பி தானாகவே சுருண்டு உருளைக்குத் திரும்பியிருந்தது. ஆளுக்குப் பதிலாகக் கம்பத்தின் எண்ணை எழுதினார்கள். நாற்பத்திரண்டாம் எண் கம்பம் காங்கிரீட்டிலிருந்து காலை உருவிக்கொண்டு கிளம்பிப் போனது. ஒரு கம்பியாள் தன் பெயருக்குப் பதிலாக மச்சான் பெயரைக் கொடுத்தார். பக்கத்து ஊரில் முடி வெட்டிக்கொண்டிருந்த மச்சான், பாதித் தலையோடு எழுந்து நடந்தார். விஷயம் பரவியதும் கொட்டகை வாசலில் வரிசை நின்றது. வாடகைக்கு விட்டவர்கள் குடியிருப்பவர் பெயரோடும், குடியிருப்பவர்கள் வீட்டுக்காரர் பெயரோடும் வந்தார்கள். வயதான ஒரு தம்பதி தனித்தனியாக வந்து ஒருவர் பெயரை மற்றவர் கொடுத்துவிட்டு, திரும்பும்போது ஒரே குடையில் போனார்கள். முத்தெழுத்து யார் பெயரையும் வாங்கிக்கொள்ளவில்லை.

கடைசியில் குழுவில் மேஸ்திரி ஒருவர்தான் மிச்சம். அன்றைய கம்பியை அவரே தனியாக நீட்டி முடித்திருந்தார். முத்தெழுத்து யோசித்து, ஏழாவது கட்டத்தில் ‘ஏணி’ என்று எழுதினார். கொட்டகைச் சுவரில் சாய்த்திருந்த மூங்கில் ஏணி நிமிர்ந்து, வாசலில் ஒருதரம் இடித்துக்கொண்டு வெளியே போயிற்று. மேற்பார்வையாளர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“பட்டப்பேரெல்லாம் செல்லாதும்மா. ஒழுங்கா முழுப்பேரை எழுதுங்க.”

“எழுது,” என்றார் கணவர். “நான் நீட்டின கம்பிக்கு ஊரான் பேரையா போடுவ?”

“எழுதினா போயிடுவீங்களே.”

“போனா என்ன, நான் என்ன உன்கிட்ட சொல்லாமலா போறேன்?”

முத்தெழுத்து வேண்டுமென்றே கிறுக்கினார். கிறுக்கியும் எழுத்து முத்து முத்தாகவே விழுந்தது. மைமேல் ஊதவில்லை. வெயில் காலம், தானே காய்ந்துவிட்டது. மேஸ்திரி சொல்லிக்கொண்டுதான் போனார். மேம்பாலத்தின் அடியில் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றிரவே முத்தெழுத்து தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்: கோளாறு ஆட்களிடம் இல்லை, வார்த்தையில் இருக்கிறது. நாற்பது நாள் கழித்துப் புதுக் குழுவும் புதுப் படிவமும் வந்தன. இப்போது ‘கம்பி இழுத்தவர்’ என்றிருந்தது. எழுதப்பட்டவர்கள் யாரும் ஓடவில்லை. ஆனால் வேலையை இழுத்தார்கள். ஒரு போல்ட்டை முடுக்க ஒன்பது நாள் ஆனது. மறுபடி எழுதியதில் ‘கம்பி கட்டியவர்’ என்று மாறி வந்தது. அதன்பிறகு குழு முழுவதும் கம்பி கட்டுகிற கதையாகச் சொல்ல ஆரம்பித்தது. ஆற்றுப் பாலத்தில் மீன்கள் எட்டி எட்டிக் கம்பியைப் பிடித்துக் கொடுத்தன என்றார்கள், இடி தங்களிடம் வேலை கேட்டு வந்ததாகச் சொன்னார்கள். கை மட்டும் நிற்கவில்லை. பொய்க்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று தலைமை அலுவலகம் குறிப்பெழுதி, அந்தச் சொல்லையே நிரந்தரமாக்கியது. கம்பி கடைசி ஸ்டேஷன்வரை போய்ச் சேர்ந்தது.

போனவர்கள் போனபடியே இருந்தார்கள். டீசல் வண்டியின் ஜன்னலிலிருந்து பார்த்தால், தூரத்து வயல்களுக்குமேல் மச்சானையும் சேர்த்து முப்பத்தியொரு பேர், ஒரு கம்பம், ஒரு ஏணி வரிசையாக நடப்பது தெரியும். கம்பி வழியாகப் போனவர்கள் கம்பி வழியாகத்தான் திரும்ப முடியும். அந்த நிலையில்தான் ஸ்டேஷன் சுவரில் சிவப்பு எழுத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள்: வெள்ளிக்கிழமை முதல் கம்பியில் இருபத்தையாயிரம் வோல்ட் மின்சாரம் பாயும். இரண்டு விரற்கடை இடைவெளி அதற்குப் போதாது என்று முத்தெழுத்துக்குத் தெரியும். வியாழக்கிழமை மத்தியானம் அவர் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போய், மேஜைமேல் இருந்த ‘வந்து சேர்ந்தவை’ பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அக்கா, அது வண்டி எழுதுற புத்தகம்,” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

“வண்டின்னு எங்க தம்பி போட்டிருக்கு? வந்து சேர்ந்தவைன்னுதானே இருக்கு.”

ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. முத்தெழுத்து முப்பத்தியொரு பெயர்களையும் எழுதினார், பாதியை முதல் நடைமேடைக்கும் மீதியை இரண்டாவதற்கும். தாமதத்தை நிமிடத்தில்தான் குறிக்க வேண்டும் என்பதால் ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டார். கணவருக்கு மட்டும் இரண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரம் நிமிடம் வந்தது. தாமதத்துக்குக் காரணம்: மொழிபெயர்ப்பு. இந்தமுறை எழுதிய கையோடு ஊதினார். நாலரை மணிக்குள் எல்லோரும் வரிசைப்படி வந்து இறங்கினார்கள். மச்சானுக்கு முடி சமமாக வளர்ந்திருந்தது. ஏணியும் கம்பமும் பதிவேட்டில் இல்லாததால் வரவில்லை. மேஸ்திரி கடைசியாக, முட்டியைத் தேய்த்துக்கொண்டே இறங்கினார்.

“இவ்ளோ தூரம் நடக்கவிட்டுட்டியே,” என்றார்.

“சொல்லிட்டுத்தானே போனீங்க,” என்றார் முத்தெழுத்து. மூக்கைச் சீந்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, நீல நிறத்தில் புது மின்சார ரயில் பூமாலையோடு வந்து, ஸ்டேஷனுக்கு வெளியே சிக்னலில் நின்றுவிட்டது. இரண்டு நடைமேடைகளும் நிரம்பியிருப்பதாகப் பதிவேடு சொன்னது. வந்து சேர்ந்தவர்கள் யாரும் புறப்பட்டதாக எழுதப்படவில்லை. அதில் வந்த தலைமை அலுவலகத்துப் பெரிய அதிகாரி ரயிலிலிருந்து குதித்து, ஜல்லியில் நடந்து, ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் வந்தார். அத்தனை பேரும் புறப்பட்டுவிட்டதாக ஒரு வரி எழுதினால் விஷயம் முடிந்தது என்றார். பேனாவை அவரே திறந்து முத்தெழுத்திடம் நீட்டினார்.

முத்தெழுத்து வாங்கவில்லை. “எழுதினா திரும்பவும் போயிடுவாங்க, சார்.”

“ஒரே ஒரு வரிதானேம்மா.”

“அப்பவும் ஒரு வரிதான் சார் எழுதினேன்.”

அதிகாரி ஜன்னல் வழியாகப் பார்த்தார். மேஸ்திரி நடைமேடையில் நின்று, யாரோ ஒருவரின் குழந்தைக்குப் புது ரயிலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி பேனாவை மூடினார். அன்றே முப்பத்தியொரு பேரையும் இரண்டாம் நடைமேடைக்கு மாற்றி ஒரு உத்தரவு தயாரானது. மின்சார ரயில் சத்தமில்லாமல் முதல் நடைமேடைக்குள் நுழைந்தது. சத்தம் வரும் என்று காத்திருந்த பாதிப் பேர் அதைத் தவறவிட்டார்கள்.

அதுமுதல் அந்தப் பாதையில் எல்லா ரயில்களும் முதல் நடைமேடைக்கு மட்டுமே வருகின்றன. இரண்டாவதற்கு மாற்றப்பட்டவர்கள் வேலைக்குப் போகிறார்கள், வீட்டில் சாப்பிடுகிறார்கள், இரண்டு பேர் தாத்தாவாகவும் ஆகிவிட்டார்கள். பதிவேட்டின்படி நிற்கிறார்கள், அவ்வளவுதான். கால அட்டவணையில் அவர்கள் பெயருக்கு எதிரே புறப்படும் நேரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு இருக்கும். வெளியூர்க்காரர் யாராவது அட்டவணையைப் பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் வந்து, எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்பதுண்டு. இப்போதைக்கு இல்லை என்று சொல்லி, எதிர் நடைமேடைக்குப் போகும் படிக்கட்டைக் காட்டுவார்.