இரண்டு வகைச் சாம்பல்

ஆஷ்ட்ரேயில் இரண்டு வகைச் சாம்பல் கிடந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் பொறி தட்டியது.

என் வீட்டுக்காரர் பொய்ப்பல் செட் செய்கிறவர். வீட்டின் பின்னறைதான் பட்டறை. பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சின் மேல் மெழுகு வைத்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, கடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து முடித்துக் கொடுப்பார். முடிந்த செட்டுகளைச் செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் நான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன். வேலைக்கு நடுவே அவருக்கு இருக்கிற ஒரே சுகம் பைப். அதிலும் நேவி ஃப்ளேக் என்கிற புகையிலையைத் தவிர வேறெதையும் தொட மாட்டார்.

முப்பத்திரண்டு வருஷமாக அந்தப் புகைக்குள் குடித்தனம் நடத்துகிறவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் புகையிலையை ரம்மில் நனைத்து, கயிற்றால் இறுக்கிச் சுற்றி வைப்பார்களாம். வேண்டும்போது கத்தியால் சீவிக்கொள்வார்களாம். இப்போது இலைகளை அடுக்கி நாள்கணக்கில் அழுத்திக் கட்டியாக்கி, மெல்லிய பட்டைகளாகச் சீவி டப்பாவில் விற்கிறார்கள். மூடியைத் திறந்தால் உலர்ந்த திராட்சை வாசனை, காய்ந்த புல் வாசனை, அதற்குப் பின்னால் கொஞ்சம் ரம். "ரம் எட்டிப் பாத்துட்டுப் போயிடணும். சம்மணம் போட்டு உக்காந்துட்டா அது புகையிலை இல்ல, மிட்டாய்" என்பார் இவர்.

பட்டையைப் பைப்பில் போட இரண்டு வழி உண்டு. மடித்துச் சுருட்டி அப்படியே திணிக்கலாம். நிதானமாக எரியும், அடியில் கறுப்பாக ஒரு கட்டி மிஞ்சும். அல்லது உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உதிர்த்துப் போடலாம். சீக்கிரம் எரிந்து பொடிப்பொடியாக வெள்ளைச் சாம்பல் ஆகிவிடும். இவர் மடிக்கிற கட்சி. "உதிர்க்கிறதுக்கு எதுக்கு அவன் மெனக்கெட்டு அழுத்தணும்?" என்று மற்ற கட்சிக்காரர்களைக் கரித்துக்கொட்டுவார்.

ஆஷ்ட்ரேயில் கறுப்புக் கட்டியும் இருந்தது, வெள்ளைச் சாம்பலும் இருந்தது. கட்டி இவருடையது. சாம்பல் யாருடையது?

"இன்னிக்கு யாராவது வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"யாரு வரப்போறா?" என்றார். இரண்டு கையும் கால்சட்டைப் பைக்குள் இருந்தன.

அந்தக் கையைப் பார்த்ததும்தான் மற்றதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாகவே இவர் என் எதிரில் கையை வெளியே எடுப்பதில்லை. எடுத்தால் உள்ளங்கைகளைச் சேர்த்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார், குளிர் இல்லாத நாளிலும். காபியை அரை டம்ளருக்கு மேல் ஊற்றாதே என்கிறார். வாழ்நாள் முழுக்கப் பட்டன் வைத்த சட்டை போட்டவர், அறுபது வயதில் திடீரென்று ஆறு டி-ஷர்ட் வாங்கிவந்தார். யாருக்காக இந்த இளமை என்று கேட்டால் சௌகரியமாக இருக்கிறது என்றார். பட்டறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறார். போதாததற்கு, நாங்கள் செட் கொடுக்கிற பல் டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய் மெதுவாகப் பேசுகிறார். பல்லைப் பற்றி மெதுவாகப் பேச என்ன இருக்கிறது?

மறுநாள் நேராகப் புகையிலைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் வழக்கமான நீல டப்பாவை எடுத்து வைத்தார்.

"இந்த மாசம் இது மூணாவது டப்பாம்மா. முன்னெல்லாம் ஒண்ணுதான் வாங்குவார்."

"வேற யாருக்காவது வாங்குறாரா?"

அவர் வியாபாரி, பிடிகொடுக்கவில்லை. அதற்குப் பதில் அலமாரியிலிருந்து நேவி ஃப்ளேக் டப்பாக்களாக இறக்கி வைக்க ஆரம்பித்தார். இதில் கறுப்பு இலை அதிகம், தொண்டையில் மிளகு மாதிரி நிற்கும். இது வெறும் மஞ்சள் இலை, லேசான இனிப்பு. இதில் ரம் கொஞ்சம் தூக்கல், புதுசாக ஆரம்பிக்கிறவர்கள் இதைத்தான் கேட்பார்கள். உங்கள் வீட்டுக்காரர் பிடிக்கிறதோ எல்லாம் அளவாக இருக்கிற ரகம், அவருக்கு நல்ல நாக்கு என்றார். இவருடைய நாக்கைப் பற்றி எனக்குத் தெரியாதா?

"உதிர்த்துப் போடுறது யாருங்க? அனுபவம் உள்ளவங்களா?"

"பெரும்பாலும் புதுசா பழகுறவங்கதான். மடிச்சுப் போட்டா பத்தவைக்கத் தெரியாது, அணைஞ்சு அணைஞ்சு போகும்."

"பொம்பளைங்க பிடிக்கிறாங்களா?"

"ஏன் பிடிக்காம? எங்கிட்டயே ரெண்டு பேர் வாங்குறாங்க. ஒருத்தங்க டாக்டர்."

என்ன டாக்டர் என்று நான் கேட்கவில்லை. டப்பாவைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வந்துவிட்டேன். வழியெல்லாம் வேகவேகமாக நடந்தேன். ஆத்திரம் என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம், பயம் என்பதுதான் உண்மை. இந்த வயதில் என்னை விட்டுவிட்டு இன்னொருத்திக்குப் புகையிலை உதிர்க்கக் கற்றுக்கொடுக்கிறாரா என்கிற பயம்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவிடம் செட் கொடுக்கும்போது அவள் விரல், பல், மேஜை எல்லாவற்றையும் மோந்து பார்க்காத குறைதான். மருந்து வாசனைதான் அடித்தது. அவளோ சிரித்த முகமாக, "சார் வேலை இப்பல்லாம் பிரமாதம்மா. அதுவும் கடவாய்ப் பல் நட்டிருக்கிறது அப்படிப் பொருந்துது" என்றாள்.

அதைக் கேட்டு எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது, வேறு காரணத்துக்காக. இவருக்கு முன்பல்தான் கைவந்த கலை. கடவாய்ப் பல்லில் கெட்டிக்காரர் எங்களுக்குக் கூட்டாளியாக இருந்தவர். அவருக்குப் பெயரே 'கடவாய்' என்றுதான் ஊரில் வழங்கும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் டாக்டர்களில் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு அடுத்த தெருவில் தனிக்கடை போட்டார். நான் நடுத்தெருவில் நின்று, இனி என் வாசல்படி மிதித்தால் உன் பல்லைக் கழற்றிக் கையில் கொடுப்பேன், நீயே உனக்கு செட் செய்துகொள் என்று கத்தினேன். தெருவே சிரித்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த மனுஷன் பேச்சே வீட்டில் கிடையாது. அவருடைய கடையும் நான்கு வருஷத்தில் மூடிப்போயிற்று என்று கேள்விப்பட்டு, நான் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த செவ்வாய் மத்தியானம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தெருமுனை வரைக்கும் போய், மருந்துக்கடை வாசலில் கால்மணி நேரம் நின்றேன். பிறகு பின்பக்கச் சந்து வழியாகத் திரும்பிவந்தேன். பட்டறையின் பின்கதவு சாத்தியிருந்தது. ஜன்னலில் ஒரு பக்கம் திறந்திருக்க, நீல டப்பா வாசனை சந்து வரைக்கும் வந்தது. உள்ளே இரண்டு பேர் பேசுகிற சத்தம். ஒருவர் சிரித்தார். பெண் சிரிப்பு இல்லை அது. எனக்கு அப்போதும் நிம்மதி வரவில்லை. எட்டிப் பார்த்தேன்.

இவருடைய நாற்காலியில் கடவாய் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒரு பட்டையை எடுத்து மூன்றாக மடித்து, சுருட்டி, பைப்பில் திணித்துப் பற்றவைத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே இடத்தில் தொழில் பழகினவர்கள், மடிக்கிற விதம்கூட ஒன்றேதான். பிறகு பைப்பைக் கடித்தபடியே, மெழுகில் ஒரு கடவாய்ப் பல்லை எடுத்து நட்டார். எங்கள் அச்சு. எங்கள் டாக்டரம்மாவின் சீட்டு அதில் ஒட்டியிருந்தது.

பக்கத்து முக்காலியில் இவர் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே புகையிலையை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். உதிர்க்கிறவர்களைக் கண்டாலே ஆகாதவர்.

அந்தக் கறுப்புக் கட்டி என் புருஷனுடையது இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கடவாய் சட்டென்று எழுந்தார்.

"அண்ணி, நான் கிளம்பிடுறேன். அண்ணன் மேல எந்தத் தப்பும் இல்ல."

நான் அவரைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்தேன். என்னைக் கண்ட பிறகும் இவர் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நிறுத்துங்க" என்றேன்.

"நிறுத்தினா தெரிஞ்சிடும்."

"என்ன தெரியும்?"

அவர் கையைப் பிரித்தார். புகையிலை மாவாகி இருந்தது, தரையில் கொட்டியது. வலது கை நிற்காமல் ஆடியது. இடது கையால் அதைப் பிடித்துப் பார்த்தார். இடது கையும் சேர்ந்து ஆடியது. டி-ஷர்ட்டும் அரை டம்ளர் காபியும் கால்சட்டைப் பையும் எனக்கு ஒரே நேரத்தில் விளங்கின.

"எவ்வளவு நாளா?"

"எட்டு மாசம் இருக்கும். மடிக்க வரல. தேய்க்கிறதுக்கு ஆடுற கையே போதும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பல்லு நட முடியல. டாக்டரம்மாதான் கண்டுபிடிச்சு நரம்பு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. உங்கிட்ட சொல்ல வேண்டாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். போன் பண்ணி, போனீங்களா போனீங்களான்னு கேக்குறாங்க."

"போனீங்களா?"

"இல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் கடவாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சொன்னா, வேலையை யாரு செய்யுறான்னு கேப்ப. நான் இவன் பேரைச் சொல்லணும்."

அந்தத் தெருவில் நின்று கத்தின வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. எட்டு மாதமாக ஆடுகிற கையைவிட என் வாய்க்கு அதிகமாகப் பயந்திருக்கிறார் இந்த மனுஷன். அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு கடவாய் பக்கம் திரும்பினேன்.

"உக்காருங்க. அந்த செட் வெள்ளிக்கிழமை போகணும். அன்னிக்கு முன்வாசல் வழியா வாங்க, சந்துல பாசி வழுக்குது. ஆனா ஒரு மணிக்கு வந்துடுங்க. அதுக்கப்புறம் நானும் இவரும் நரம்பு டாக்டர்கிட்ட போறோம்."

அவர் உட்கார்ந்தார். நான் டப்பாவைத் திறந்து ஒரு பட்டையை எடுத்து மடித்தேன். பாதியில் ஒடிந்தது.

"நார் போற பக்கமா மடிங்க அண்ணி" என்றார் கடவாய், தலையைத் தூக்காமலே.

இரண்டாவது பட்டை ஒடியவில்லை. பைப்பில் திணித்து, இவர் வாயில் வைத்து, தீக்குச்சி கிழித்துப் பிடித்தேன். இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது.

"ரொம்ப இறுக்கிட்ட" என்றார்.

"பழகிக்கிறேன்" என்றேன். அவருடைய வலது கையை எடுத்து என் இரண்டு கைக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அது அப்போதும் நிற்கவில்லை.