ஆள் எண்ணிக்கை

காலை பத்து மணிக்குக் கொத்தனார் சுப்பையன் போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, செவுரு ஜன்னல் மட்டத்துக்கு வந்துபோச்சுங்க. மேக்க ஜன்னல் உடறதா, கட்டி அடைக்கறதா? வெரசா சொல்லிப்போடுங்க. ஆளுக சும்மா நிக்கறாங்க."

"பாத்துச் சொல்றேனுங்க" என்றான் கிருபாசங்கர்.

கருமத்தம்பட்டியில் எழும்பிக்கொண்டிருந்தது அவனுடைய வீடு. பீளமேட்டு அலுவலகத்தில் அவன் வேலையே அதுதான். கட்டப்போகும் கட்டடத்தை முதலில் கணினிக்குள் முழுசாகக் கட்டி, வெயில் எங்கே விழும், காற்று எங்கே நுழையும், கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று பார்த்துச் சொல்வான். ஊருக்கெல்லாம் செய்ததைத் தன் வீட்டுக்கும் போன வருடம் செய்தான். மனைவி மோகனப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

படுக்கையறைக்கு மேற்கே ஜன்னல் வேண்டும் என்றாள். மலைக் கணவாய் வழியே வீசும் ஆடி மாதத்துக் காற்று நேராக உள்ளே வரவேண்டுமாம். சாயங்கால வெயிலும் கூடவே வரும் என்றான் இவன். மாடலை ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் படுக்கும் அறைக்கு ஜன்னல் இருப்பதே மேல் என்று வந்தது.

"பாத்தீங்களா, உங்க மிஷினே என் கட்சி."

கார்த்திகையில் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் அவள் இல்லை.

அதற்குப் பிறகு அந்த ஃபைலை இன்றுதான் திறந்தான். படுக்கையறை. ஆள் எண்ணிக்கை: 2. ஓர் ஆளின் உடம்புச் சூட்டை எழுபத்தைந்து வாட் என்று எடுத்துக்கொள்ளும் மாடல். தப்பான எண் போட்டால் தப்பான வீடுதான் வரும் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவன் அவன்.

இரண்டை அழித்தான். ஒன்று போட்டான்.

ஜன்னல் வைத்தும் ஓட்டினான், அடைத்தும் ஓட்டினான். ஒருவருக்கு ஜன்னல் தரும் காற்றைவிட அது கொண்டுவரும் வெயில்தான் அதிகம். அடைத்ததும், சிவப்பாக இருந்த அறை திரையில் பச்சையானது.

சேர்ந்து இரண்டே வாரமான பிரீத்திகா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "செமங்கண்ணா! கரண்டு இவ்வளவு கொறஞ்சிருக்கு, என்ன பண்ணுனீங்க?"

"ஓர் ஆளைக் குறைச்சேன்."

"அட, அவ்வளவுதானா!" சிரித்துக்கொண்டே போனாள்.

சுப்பையனைக் கூப்பிட்டான். "அடைச்சிருங்க."

பக்கத்துத் தறிச் சத்தத்தை மீறிச் சுப்பையனின் குரல் வந்தது.

"அம்மணி ஆசைப்பட்ட ஜன்னலுங்களே."

"தேவைப்படாதுங்க."

"செரி, ஒண்ணு பண்றேனுங்க. மேல பாரந்தாங்கற லிண்டல் போட்டு உட்டுப்போட்டு, கீழ சும்மா செங்கல்லை அடுக்கிப் பூசிடறேன். பின்னால வேணும்னா செவுத்துக்குச் சேதமில்லாம ஒடைச்சு ஜன்னல் வெச்சுக்கலாம். வயசு கெடக்குதுங்க தம்பி. ஊட்டுக்கு இன்னொரு ஆளு வராமயா போயிரும்?"

கிருபாசங்கர் திரையைப் பார்த்தான். ஒன்று அப்படியே இருந்தது.

"லிண்டல் வேண்டாங்க. செவுரோட செவுராக் கட்டிருங்க."

கரண்டி செங்கல்லில் உரசும் சத்தம் கேட்ட பிறகே போனை வைத்தான்.