குதிரைக்கும் நன்றி சொன்னவன்

அன்புள்ள வாசகர்களே, "விடுமுறைக்குள் மூன்றாம் பாகம் வருமா, வராதா?" என்று கேட்டுக் கேட்டு என் தபால்பெட்டியை நிரப்பியவர்களுக்கு ஒரே பதில்: வராது. இளவரசனும் இளவரசியும் நாற்பத்தொரு நாளாக நந்தவனத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள். இருவருக்கும் கால் கடுக்கிறது, எனக்கோ ஒரு வரிகூட ஓடவில்லை.

போன பாகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நூலகருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். பிழை திருத்தியவருக்கு, அட்டை வரைந்தவருக்கு, சேணம் பூட்டுவதை விளக்கிய லாயக்காரருக்கு, போதாக்குறைக்கு அவருடைய கிழட்டுக் குதிரைக்கும். பெருந்தன்மையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மனைவியின் பெயர் மட்டும் விட்டுப்போயிற்று.

இதில் என்ன பெரிய குற்றம் என்பீர்கள். போர், முற்றுகை, சூழ்ச்சி எல்லாம் அடியேன் கைவண்ணம்தான். காதல் வந்தால் மட்டும் தாளோடு சமையலறைக்குப் போய்விடுவேன். இளவரசன் என்ன சொல்வான், அதற்கு இளவரசி என்ன சொல்வாள் என்று மனைவி காய் நறுக்கிக்கொண்டே மளமளவென்று சொல்வாள். "கொஞ்சம் மெதுவா சொல்லு, எழுதிக்கிறேன்" என்பேன். இருபத்தாறு வருடம், பதினான்கு நாவல். "பெண் மனதை இப்படிப் படித்த ஆண் உண்டா!" என்று நீங்கள் எழுதிய கடிதங்களை அவளுக்கே உரக்கப் படித்தும் காட்டியிருக்கிறேன். மானம் ரோஷம் உள்ளவன் செய்கிற காரியமா அது?

அச்சாகி வந்த புத்தகத்தை அவள் முதல் பக்கத்தோடு மூடிவைத்தாள். மறுநாளே, "பொண்ணு வீட்டுக்குப் போய்ட்டு வரேன்" என்று கிளம்பினாள். விடுமுறைக்காவது வந்துவிடுவாள் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். விடுமுறை மட்டும் வந்தது.

நேற்று போன் செய்தேன், மன்னிப்புக் கேட்கத்தான். பாழாய்ப்போன வாய் வேறு எதையோ கேட்டது.

"அந்த நந்தவனத்துல இளவரசன் என்னதான் சொல்லணும்?"

"ஏன், குதிரையைக் கேக்கறதுதானே?"

வாங்கிக் கட்டிக்கொண்டேன். "தப்புதான். அடுத்த புத்தகத்துல முதல் பேரே உன்னோடதுதான்" என்றேன்.

"பேரு கிடக்கட்டும். இளவரசன் பேசினதெல்லாம், யாராவது எனக்குச் சொல்ல மாட்டாங்களான்னு நான் நினைச்சது. நீங்க குனிஞ்ச தலை நிமிராம எழுதிக்கிட்டீங்க. அதுல ஒரு வரியாவது என் முகத்தைப் பாத்துச் சொல்லியிருக்கீங்களா?"

இல்லை. அவள் வராமலே இருந்துவிடுவாளோ என்று உண்மையாகவே பயந்துவிட்டேன்.

"நீ இல்லாம வீட்ல இருக்கப் பிடிக்கல. சாப்பாடு இறங்கல" என்றேன். நிலவு இல்லை, தென்றல் இல்லை, அவ்வளவுதான் வந்தது.

"இது எந்த அத்தியாயத்துக்கு?"

"கதைக்கு இல்ல. உனக்குத்தான்."

மறுமுனையில் போன் கைமாறியது. மகள்தான் பேசினாள். "அப்பா, அம்மா அழுறாங்க. என்ன சொல்லித் தொலைச்சீங்க?"

நாளைக் காலை பேருந்து ஏறுகிறேன். இந்தக் கடிதத்தை முதலில் அவள் கையில்தான் கொடுக்கப்போகிறேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடட்டும். உங்களுக்கு வந்து சேர்ந்திருந்தால், அவள் அனுப்பச் சொன்னாள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.