ஒரு மடக்குத் தண்ணீர்

என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டிருக்க வேண்டும். நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். அது பரவாயில்லை, கெடுவது நுணல்தானே! என் வாயால் கெட்டது ஹோசியத் அக்கா.

குஜந்த் நகரச் சந்தைக்குப் பின்னால் உள்ள சலவைக்கடையில் நாங்கள் இரண்டு பேர்தான் இஸ்திரி போடுகிறவர்கள். கம்பளிக் கோட்டு என்றால் அக்கா வாயால்தான் தண்ணீர் தெளிப்பாள். முதலாளி வாங்கித் தந்த ஸ்ப்ரே பாட்டில் பொட்டுப் பொட்டாகக் கறை வைக்கும். அக்கா ஒரு மடக்கை வாயில் அடக்கி, உதட்டைக் குவித்து ஊதினால் துணி முழுக்க ஒரே சீராக நனையும்.

ஜூன் மாதம் அவளுடைய ஒரே மகன் திலோவர், மாஸ்கோவில் கட்டட வேலை செய்யும்போது ஏழாவது மாடியிலிருந்து விழுந்தான். நினைவு திரும்பவில்லை. போய்ப் பார்க்க அக்காவுக்கு வழியில்லை. நாற்பது நாள் நோன்பு இருப்பதாக நேர்ந்துகொண்டாள். ஒன்றுகூட முறியாமல் முடித்தால் பிள்ளை கண் திறப்பான் என்று நம்பினாள்.

வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே நீராவி. நான் கெண்டி கெண்டியாகத் தேநீர் குடித்தேன். அவளோ வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுகூடத் தொண்டையில் இறக்காமல் நாளெல்லாம் துணியில் ஊதிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பாட்டிலயே எடுத்துத் தெளியேன்க்கா. எதுக்கு இந்த வதை?"

"கோட்டுல கறை விழுந்தா நீ வந்து பதில் சொல்லுவியா? போடி, வேலையப் பாரு."

முப்பத்தாறாம் நாள் மத்தியானம், வரி அதிகாரியின் கால்சட்டை என் மேசைக்கு வந்தது. விரித்தேன். மேசை போதவில்லை. அக்கா சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தேன், பாவி.

"அக்கா, இங்க பாரேன்! இதுக்குள்ள ஒரு கல்யாணமே வச்சுப் புலாவ் போடலாம். மாப்பிள்ளை வீட்டுக்கு இந்தக் காலு, பொண்ணு வீட்டுக்கு அந்தக் காலு!"

அவள் வாயில் தண்ணீர் இருந்ததை நான் கவனிக்கவில்லை. தோள் குலுங்கியது, புரையேறியது. பாதி கோட்டில் சிதறியது. மீதி உள்ளே போய்விட்டது. தொண்டை ஏறி இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன்.

"போச்சுடி சனோபர்," என்றாள். "எல்லாம் போச்சு."

"மறந்து குடிச்சா நோன்பு முறியாதுன்னு சொல்லுவாங்களேக்கா..."

"நான் மறக்கலையே. ஒரு நிமிஷம்கூட மறக்கலையே."

அன்று மாலை நான்கு மணிக்கு, மாஸ்கோவிலேயே வேலை செய்யும் அவள் தம்பி மகன் போனில் அழைத்தான். கேட்டு முடித்தவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கதறியது நான்தான். அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

ஐந்து நாள் கழித்து அந்தத் தம்பி மகன் உடலைக் கொண்டுவந்து சேர்த்தான். அடக்கம் முடிந்ததும் முற்றத்தில் வைத்து என்னிடம் சொன்னான்: திலோவர் உயிர் போனது, அவன் போன் செய்த அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு. ஆஸ்பத்திரிக்காரர்கள் அவனுக்கே தாமதமாகத்தான் சொன்னார்களாம்.

அப்பாடா! நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பாரம் இறங்கியது. துக்கத்துக்கு நீலம் உடுத்திய பெண்களை விலக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, அவன் விடியக்காலையிலயே போயிட்டான்! நீ தண்ணிய முழுங்கினது மத்தியானம். உன்மேல தப்பே இல்லக்கா. என்மேலயும் இல்ல!"

அக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். கோபமே இல்லாமல் கேட்டாள்.

"மத்தியானம் நான் சிரிப்பேன்னு அல்லாவுக்கு விடியக்காலையிலயே தெரியாதாடி?"