கேட்வே கட்டத்தை நிரப்பிய மேனேஜர்

பெர்சிஸ் தன் தங்கச்சி கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு போட்டுவிட்டு அரக்கோணம் போயிருந்தாள். ஆம்பூர் தோல் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்ப்பவள் அவள் ஒருத்திதான். திரும்பி வந்து பார்த்தால், கணக்குப் பிரிவு தனகோடி அக்கா மேஜை முன்னால் முட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தோல் அளக்கும் புது மெஷின் வந்திருந்தது. அதன் கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகினால் சதுர அடிக் கணக்கு வரும், மெயில் போகாது. பிடுங்கினால் மெயில் போகும், கணக்கு வராது. இரண்டு நாளாக அக்கா செருகிப் பிடுங்கி ஒப்பேற்றியதில் அவளுக்கு முட்டி போயிற்று. மூன்றாம் நாள் அவள் மெயிலுக்காகக் குனிவதையே விட்டுவிட்டாள். மேனேஜர் ஜெயசீலன் வைரஸ் என்று தீர்ப்புச் சொல்லி, யாரோ வாஸ்து சொன்னதைக் கேட்டு மேஜையையும் கிழக்கே திருப்பியிருந்தார்.

பெர்சிஸ் மெஷின் கேபிளைச் செருகியபடியே விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் எதை எந்த வழியில் அனுப்புகிறது என்ற பட்டியலைத் திறந்தாள். வெளியே போகும் வாசல் ஒன்றுதான் இருக்க வேண்டும். இங்கே இரண்டு இருந்தன. இரண்டாவது, மெஷின் பக்கம். ஜெர்மனிக்குப் போக வேண்டிய மெயிலெல்லாம் மெஷினிடம் போய் முட்டிக்கொண்டிருந்தது. ஆட்டுத்தோல் அளக்கிற மெஷினுக்கு ஜெர்மனி எங்கே தெரியப்போகிறது?

கேட்வே, அதாவது வாசல், என்ற கட்டத்தில் மெஷினின் நம்பரைப் போட்டது யார் என்று கேட்டாள். மெஷின்காரன் போனில் சொல்லச் சொல்லத் தானே எல்லாம் செய்ததாக மேனேஜர் பெருமையாகச் சொன்னார்.

"இத்தயும் அவன்தான் போடச் சொன்னானா சார்?"

"இல்லம்மா. காலியா இருந்துச்சி. பார்க்க நல்லா இல்லியேன்னு நானே போட்டேன்."

தனகோடி அக்கா முட்டியைத் தேய்த்தபடி அவரைப் பார்த்த பார்வையில் தோலே பதமாகியிருக்கும்.

பெர்சிஸ் அந்த நம்பரை அழித்தாள். மெஷின் கணக்கு நிற்கவில்லை. பக்கத்திலிருக்கும் மெஷினோடு பேச வாசல் எதற்கு? மெயிலும் திறந்துகொண்டது. அறுபத்திரண்டு மெயில். முதல் ஒன்பதும் தோல் வாங்கும் ஜெர்மனிக்காரனுடையவை. சரக்கு எங்கே என்று மரியாதையாக ஆரம்பித்து, போகப்போக மரியாதையைக் குறைத்துக்கொண்டே போயிருந்தான்.

மேனேஜர் ஒன்பதையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெர்சிஸ், இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அந்த நம்பர மறுபடியும் போட்டு வையேம்மா."

பெர்சிஸ் கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள். கல்யாண லட்டு டப்பாவைத் திறந்து முதல் லட்டை அக்காவிடம் கொடுத்தாள், இரண்டாவதை அவரிடம் நீட்டினாள். அவர் லட்டை வாயில் போட்டுக்கொண்டு, ஜெர்மனிக்காரனுக்கு மன்னிப்புக் கடிதம் அடிக்க உட்கார்ந்தார்.