முனியன் குடித்த கிளாஸ்

1

மதுவின் தெய்வத்துக்குத் தம்மை முழுக்க ஒப்புக்கொடுத்து, கூந்தலை அவிழ்த்துவிட்டு, மலையேறி வெறியாடிய பெண்கள் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

பாகூரில் இல்லை. எழுத்தாளர் விசாரித்துவிட்டார்.

(மலையும் இல்லை.)

உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதை பிறந்தது ஒரு கைப்பேசியில். வில்லியனூர் எழுத்தாளர் புகழ்வேந்தன் ஒருநாள் மத்தியானம் கிரேக்கப் புராணத்தில் வரும் மேனாட் பெண்களைப் பற்றிப் படித்தார். தியோனிசஸ் என்ற மதுக்கடவுளின் அடியார்கள். சாமி வந்தால் மானை உயிரோடு பிய்த்துப் போடுவார்களாம். உடனே உடம்பு சிலிர்த்து, இதை நம் மண்ணில் எழுதுவது என்று முடிவுசெய்தார். அவர் இதுவரை எழுதியது இரண்டு கதைகள். அவற்றை வெளியிட்ட இரண்டு பத்திரிகைகளும் நின்றுவிட்டன. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்கிறார்.

பாகூர்ப் பக்கம் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் போய், "மதுக்கடவுள கும்புடற பொம்பளைங்க இங்க யாராச்சும் உண்டாம்மா?" என்று கேட்டார்.

தனக்கொடி என்பவள் நாற்றுமுடியோடு நிமிர்ந்தாள்.

"கும்புடறதுலாம் ஆம்பளைங்க சார். விடியறதுக்குள்ள நட தொறந்துடுவாங்க. சாமி மலையேறனதும் வூட்டுக்குத் தூக்கினு வர்றதுதான் எங்க வேல."

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"நிலவொளியில், மான்தோல் போர்த்திய அவள்" — மான்தோல் என்றால் வனத்துறை வந்துவிடும். நைட்டி, மேலே துண்டு என்று திருத்தினார். காவியத்தன்மை உடனே போய்விட்டது.

"திராட்சைக்கொடி சுற்றிய கோலை ஏந்தி" — பாகூரில் கிடைப்பது கரும்பு.

"வெறியின் விளிம்பில் நின்ற அவள்" — தனக்கொடி நின்றது பஸ் ஸ்டாப்பில், மகளுக்குத் துணையாக.

இந்த மூன்றாவதில்தான் கதை இருந்தது. அதற்காக எழுத்தாளரைப் பாராட்ட வேண்டாம். தனக்கொடிதான் சொன்னாள்.

3

பஸ் ஸ்டாப்பை ஒட்டிச் சாராயக்கடை. மகள் புவனேஸ்வரி ஒன்பதாவது படிக்கிறாள். பத்து நாள் முன்பு, துணைக்கு ஆள் இல்லாத ஒரு காலையில், கடையிலிருந்து வந்த ஒருவன் அவள் புத்தகப் பையைப் பிடித்து இழுத்திருக்கிறான். 'கட இருக்கற வரைக்கும் நான் போவ மாட்டேம்மா' என்று வீட்டோடு உட்கார்ந்துவிட்டாள். கடை இருப்பது முனியன் கோயில் தர்மகர்த்தா பலராமனின் மனையில். தனக்கொடி மூன்று தடவை போய்க் கேட்டாள். மூன்று தடவையும் "பாக்கலாம்மா" என்றார்.

"பொம்பள சொன்னா பாக்கலாம்பாரு. சாமி சொன்னா?"

அந்த ஊர் வழக்கம் இது. ஆடியில் முனியன் யார்மேல் வந்தாலும் தர்மகர்த்தா கைகட்டிக் குறை கேட்கவேண்டும். கேட்டதைச் செய்வதாக உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் பண்ணவேண்டும். அப்படிப் பண்ணிய சத்தியத்தை இதுவரை யாரும் மீறியதில்லை.

[இங்கே ஒரு சந்தேகம். தனக்கொடிமேல் இதற்குமுன் சாமி வந்ததே இல்லை. வரப்போவது சாமியா, நடிப்பா? பாத்திரத்தின் நம்பகத்தன்மை என்னாவது? எழுத்தாளர் அவளையே கேட்டார். "ஒங்களுக்குக் கத தானா வருதா சார், நீங்களா வர வெச்சிக்கிறீங்களா?" என்றாள். எழுத்தாளர் இந்தப் பத்தியை நீளமாக எழுதியிருந்தார். அடித்துவிட்டார்.]

4

ஆடி மூன்றாம் வெள்ளி. கூழ் ஊற்றி முடிந்ததும் பம்பை முழங்கியது. தனக்கொடி முடியை அவிழ்த்துக்கொண்டு ஆடினாள். பலராமன் துண்டை இடுப்பில் கட்டினார்.

"வந்துருக்கிறது யாரு சாமி?"

"முனியன்டா!"

"இன்னா கொற?"

"எம் பாதைல இன்னாடா கட? எடுடா பலராமா!"

பின்னால் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பலராமன் அசரவில்லை.

"எடுத்துடறேன். கடைய எடுத்துட்டா ஒனக்குப் படையல் சாராயத்துக்கு எங்க போவேன் சாமி?"

முனியன் ஒரு கணம் யோசித்தான். "எனக்கு மோரு போதும்."

கூட்டத்தில் சலசலப்பு. பலராமன் சிரித்தார். "மோரு குடிக்கிற முனியன எங்க தாத்தாவே பாத்ததில்ல. நீ முனியன்தான்னா, இந்தா, இதக் குடி."

கண்ணாடி கிளாஸ். விளிம்புவரை சாராயம். அந்த நாற்றம் ஆகாதென்று புருஷனைத் தாழ்வாரத்தில் படுக்கவைப்பவள் தனக்கொடி. குடித்தால் கற்பூரம் ஏறும். குடிக்காவிட்டால் ஊருக்கு முன்னால் அவள் வெறும் தனக்கொடி.

எழுத்தாளர் இந்த இடத்தில் இரண்டு நாள் பேனாவை மூடிவைத்தார். அப்போது தோன்றிய முடிவுகள்:

அ. கிளாஸைத் தட்டிவிட்டு உரையாற்றுகிறாள். ஆண்கள் மனம் திருந்துகிறார்கள். (எழுதும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

ஆ. பலராமன் தலையில் ஊற்றுகிறாள். வாசகர் கைதட்டுவார். புவனேஸ்வரி வீட்டிலேயே இருப்பாள்.

நடந்தது வேறு. தனக்கொடி கிளாஸை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். முனியன் மூக்கைப் பொத்திக்கொண்டதை யாரும் கவனிக்காத மாதிரி இருந்தார்கள். பிறகு அவள் கண் மாறியது. இப்போது வந்தது யார் என்று எழுத்தாளருக்குத் தெரியாது. யாரோ வந்தார்கள்.

"இன்னொண்ணு ஊத்துடா!"

ஊற்றினார்கள்.

"டேய் வீரமணி, பொண்டாட்டி கம்மலு எங்கடா? சுபாஷ், எங்க ஒளியற? புள்ள பைய இழுத்த கை எதுடா? நீட்டு!"

சுபாஷ் இரண்டு கையையும் நீட்டினான். பலராமன் உள்ளங்கையில் கற்பூரம் இருந்தது. ஒரு கையால் உரசிய தீக்குச்சி பற்றவில்லை. ஒன்று ஒடிந்தது. இரண்டாவதை எடுத்தார். தனக்கொடியின் விரல் சுபாஷைத் தாண்டி அடுத்த ஆளிடம் நகர்ந்தது.

5

கற்பூரம் ஏறியதா, கடை போனதா என்று வாசகர் கேட்பது நியாயம். எழுத்தாளருக்குத் தெரியாது. வேலை நாளில் காலை எட்டேகாலுக்கு அந்த பஸ் ஸ்டாப்பில் நின்று பாருங்கள். இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் தனியாக வந்து பஸ் ஏறினால் முடிவு ஒன்று. ஏறாவிட்டால் வேறு. எதுவானாலும் நீங்களே எழுதிக்கொள்ளலாம்; அவர் ஆட்சேபிக்க மாட்டார்.

அவரே போய்ப் பார்க்க முடியாது. அன்று கதைக்காக வேடிக்கை பார்க்கப் போய், சுபாஷுக்கு அடுத்து நின்றவர் அவர்தான். உள்ளூரில் குடித்தால் ஆள் தெரிந்துவிடும் என்று, செவ்வாய் வெள்ளி தவிர மற்ற நாளெல்லாம் வில்லியனூரிலிருந்து ஸ்கூட்டரில் அந்தக் கடைக்குத்தான் வந்துபோவார்.

விரல் வந்து சேர்வதற்குள் வரப்பில் இறங்கி ஓடிவிட்டார். ஸ்கூட்டரும் ஒரு செருப்பும் இன்னும் அங்கேயே இருக்கின்றன.